கப்பலைத் தூக்கியவன் நடந்துபோன படம்

அந்தப் படத்தை நான் மூன்று தடவை பார்த்தேன். மூன்று தடவையும் என் கணவர் பக்கத்தில் இருந்தார். ஆகவே ஒரு தடவைகூட ஒழுங்காகப் பார்க்கவில்லை.

யுத்த காலம் அது. சமாதான ஒப்பந்தம் என்று ஒன்று தாளில் இருந்தது, வீதியில் இருக்கவில்லை. பொழுது சாய்ந்தால் நகரம் கதவைப் பூட்டிக்கொள்ளும். நான் திருகோணமலையில் ஒரு பெண்கள் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். சீமெந்து, கோதுமை, புல்மோட்டையிலிருந்து வரும் கறுப்பு மண் என்று முப்பது வருடமாகக் கப்பலுக்கும் கரைக்கும் இடையில் பாரம் தூக்கி இறக்கியவர். எங்கள் வீடு துறைமுகத்துக்குக் கிட்ட. தண்ணீருக்கடியால் ஆரும் நீந்தி வந்துவிடாமல் கடற்படைக்காரர் இடைக்கிடை கடலுக்குள் வெடி போடுவார்கள். அலுமாரிக் கண்ணாடி ஒருமுறை கிடுகிடுக்கும். நாங்கள் கதையை நிறுத்தக்கூட மாட்டோம்.

கடைத்தெருவில் ஒரு வீடியோக் கடை இருந்தது. கடைக்காரர் குறிஞ்சாக்கேணி ஆள். பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் தினமும் கடலைக் கடந்து வருபவர். வயது என்னைவிடக் குறைவுதான், ஆனாலும் முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல எல்லோருக்கும் அவர் நானா. கடைக்கு மேலே இருந்த மண்டபத்தில் பிளாஸ்டிக் கதிரைகளை அடுக்கி, பெரிய தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றை வைத்து, ஞாயிறு பின்னேரம் இரண்டு மணிக்கு இங்கிலிஷ் படம் போடத் தொடங்கினார். அஞ்சு மணிக்குள் எல்லோரும் வீடு போய்ச் சேர்ந்துவிடலாம் என்பது கணக்கு. சனம் வந்தது. வந்த சனத்துக்குப் படம் விளங்கவில்லை. ஒருநாள் பாடசாலை வாசலிலேயே வந்து நின்றார்.

"டீச்சர், சனங்களுக்கு இங்கிலிஸ் ஏலாம இரிக்கி. நீங்க பெட்டிக்குப் பக்கத்தில இருந்து மைக்கில தமிழில செல்லிக்கொண்டு போனாக் காணும். வேற ஒண்டும் வேணா."

எனக்கு அப்போதே 'ஏலாது' என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் இருபது வருடமாகச் செய்வினையும் செயப்பாட்டுவினையும் படிப்பித்து அலுத்திருந்த ஒருத்தியிடம் போய் மைக் என்று சொன்னால் என்ன நடக்கும்? ஒப்புக்கொண்டேன். முதல் நாலைந்து படங்கள் வில்லங்கமில்லாமல் போயின. கார்கள் ஓடின, கட்டிடங்கள் எரிந்தன. நான் "விடாதே, பிடி" என்றேன். சனம் கை தட்டியது.

பிறகுதான் இந்தப் படம் வந்தது.

அதற்கு ஒரு பழைய படம் உண்டு. தொட்ட பொருளின் பாரத்தையெல்லாம் இல்லாமல் ஆக்கிவிடும் ஒரு மனிதனின் கதை. மஞ்சள் உடுப்பும் இடுப்பில் பச்சைப் பட்டியுமாக வருவான். ரயிலைத் தேத்தண்ணித் தட்டுப்போலத் தூக்குவான். தூக்கிக்கொண்டே சிரிப்பான். என் கணவர் பதினேழு வயதில் அதை இந்த ஊர்த் தியேட்டரில் நாலுதரம் பார்த்தவர். பிறகு அந்தத் தியேட்டர் மூடி, கூரையும் போய்விட்டது. படம் மட்டும் இவர் தலைக்குள் பழுதில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கிரேன் பழகப் போனதற்கே அந்த மஞ்சள் உடுப்புக்காரன்தான் காரணம் என்று அவருடைய தம்பி ஒருமுறை சொன்னார். இவர் மறுக்கவில்லை.

இப்போது அதே கதையைப் புது ஆட்களை வைத்து முதலிலிருந்து மறுபடி எடுத்திருந்தார்கள். நானா டிஸ்க்கை என்னிடம் தந்து, "ஒருக்காப் பாத்து வெச்சிக்கொள்ளுங்க டீச்சர், ஞாயித்துக்கிழம போடுவம்" என்றார்.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வீட்டில் போட்டோம். நான் குறிப்பெடுக்கக் கொப்பியும் பேனையுமாக இருந்தேன். இவர் பழைய சினேகிதனைப் பார்க்கப் போகிறவர்போலச் சவரம் செய்துகொண்டு வந்து உட்கார்ந்தார்.

முதலில் டிஸ்க்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏதோ ஒரு நாட்டில் தியேட்டருக்குள் கமெராவைக் களவாகக் கொண்டுபோய் எடுத்த படம் அது. இடது பக்க மூலையில் முன்வரிசைக்காரர் ஒருவரின் மொட்டைத் தலை படம் முடியும்வரை இருந்தது. ஆரோ இருமினார்கள். படமே இருட்டு, அதை எடுத்த விதம் இன்னும் இருட்டு.

அந்த இருட்டுக்குள் மழை பெய்தது. மழைக்குள் ஒருவன் துறைமுகத்தில் மூட்டை தூக்கினான். பத்து நிமிடம் போனது. இருபது நிமிடம் போனது.

"இவன் ஏன் சிரிக்கிறானில்லை?" என்றார் கணவர்.

"அவனுக்குத் துக்கம்."

"என்ன துக்கம்? ஆர் செத்தது?"

"இன்னும் ஒருத்தரும் சாகேல்லை. கொஞ்சம் பொறுங்கோ."

"உடுப்பு எப்ப போடுவான்?"

உடுப்பு நாற்பதாவது நிமிடத்தில் வந்தது. சாம்பல் நிறம். இவர் என்னைப் பார்த்தார், நானே தைத்துக் கொடுத்ததுபோல.

ஆனால் அதற்குப் பிறகு ஒன்று நடந்தது. இந்தப் புதுப் படத்தில் அவன் ஒரு பொருளைத் தொட்டால் அதன் பாரம் மாயமாகப் போய்விடுவதில்லை, அவனுடைய எலும்புக்குள் இறங்குகிறது. ஒரு லொறிக்கடியில் அகப்பட்ட ஆளைக் காப்பாற்ற லொறியைத் தொடுகிறான். லொறி கடுதாசிபோல எழும்புகிறது. அவனுடைய முழங்கால் சீமெந்துத் தரையில் பதிகிறது. பிறகு மூன்று நாள் அவனால் கட்டிலை விட்டு எழும்ப முடியவில்லை. இவர் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார்.

"இது நல்ல யோசினை," என்றார். "பாரம் எங்கையும் காணாமப் போகாது. ஒருத்தன் இறக்கினால் இன்னொருத்தன் தாங்கத்தான் வேணும். இதை எழுதினவன் ஆரோ துறைமுகத்தில வேலை செய்திருக்கிறான்."

அவர் சொன்னது சரி. எனக்கும் அந்த இடத்தில்தான் படம் பிடித்தது. வில்லனும் நல்ல வில்லன். பழைய படத்தில் தங்கப்பல் காட்டிச் சிரிக்கும் ஒருவன் வந்தான். இதில் வருபவர் கட்டிட ஒப்பந்தக்காரர். மெதுவாகக் கதைப்பார். ஏழைகள் குடியிருக்கும் பகுதியை இடிக்க வேண்டும் என்பதற்கு அவர் சொன்ன காரணங்களைக் கேட்டால் நீங்களும் தலையாட்டுவீர்கள். நான் குறிப்பில் 'வில்லன் – மிக நன்று' என்று எழுதினேன். கதாநாயகிக்கு எழுத ஒன்றும் இருக்கவில்லை. அவர் ஒரு வைத்தியர் என்கிறார்கள். இரண்டு மணி நேரத்தில் ஒரு நோயாளியின் நாடியைக்கூடப் பிடிக்கவில்லை. யன்னலால் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவ்வளவு படித்த பிள்ளைக்கு வேறு வேலை இல்லையா?

பாதிப் படத்துக்கு மேல் ஒரு காட்சி. அவனுடைய தாய் படுத்த படுக்கை. வெள்ளம் வருகிறது, தாயை மாடிக்குக் கொண்டுபோக வேண்டும். அவன் வழக்கம்போலக் கையை நீட்டுகிறான், தொட்டால் தாய் இறகாகிவிடுவாள். தாய் அவனுடைய கையைத் தட்டிவிடுகிறாள். "அந்த வித்தையை என்னிடம் காட்டாதே. என்னிடம் மிஞ்சியிருப்பது என் பாரம் மட்டும்தான்" என்கிறாள். அவன் வித்தை இல்லாமல், எல்லாப் பிள்ளைகளையும் போல, தாயை முதுகில் ஏற்றிக்கொண்டு படிப்படியாக மூச்சு வாங்க ஏறுகிறான். பின்னணி இசை கிடையாது. மூச்சுச் சத்தமும் படிச் சத்தமும்தான்.

"நிப்பாட்டும்," என்றார் கணவர். "திருப்பிப் போடும்."

போட்டேன். மறுபடி பார்த்தார். நாங்கள் இடம்பெயர்ந்த வருடம் குச்சவெளிப் பக்கமாக நடந்தபோது அவர் தன் தாயை அப்படித்தான் தூக்கிக்கொண்டு போனார். நான் பானையும் பாயும் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். மாமி வழி முழுக்க "இறக்கிவிடு, இறக்கிவிடு" என்று ஏசிக்கொண்டு போனது எனக்கு நினைவு வந்தது. அதைப் பற்றி இந்த வீட்டில் ஒருநாளும் கதைத்ததில்லை. அன்றும் கதைக்கவில்லை. எழும்பிப்போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

இவ்வளவு நல்லதைச் செய்த படம் கடைசியில் என்ன செய்தது? ஆட்கள் நிறைந்த ஒரு கப்பல் துறைமுக வாயிலில் மூழ்குகிறது. அவன் தண்ணீருக்குள் இறங்கி முழுக் கப்பலையும் ஒற்றைக் கையால் தலைக்கு மேலே தூக்கி இறங்குதுறையில் வைக்கிறான். வைத்துவிட்டுத் தலைமயிரை ஒதுக்கிக்கொண்டு நடந்து போகிறான். மழை விடுகிறது. யன்னலடியில் நின்ற வைத்தியர் ஓடிவந்து கட்டிப்பிடிக்கிறார். முடிந்தது.

இவர் எழும்பி நின்றார். "லொறியைத் தூக்கிப்போட்டு மூண்டு நாள் கிடந்தவன், கப்பலைத் தூக்கிப்போட்டு என்னெண்டு நடக்கிறான்?"

"படம்தானே."

"பழசும் படம்தான். அது தொடக்கத்திலேயே 'நான் பொய்' எண்டு சொல்லிப்போட்டு ஆடினது. மஞ்சள் உடுப்பைப் பார்த்த உடனே தெரியும். ஆருக்கும் நட்டமில்லை. இது ரெண்டு மணித்தியாலம் சத்தியம் பண்ணிப்போட்டுக் கடைசி அஞ்சு நிமிசத்தில ஏமாத்துது. நீர் இங்கிலிஷ் டீச்சர், உமக்கு இது பிழையாத் தெரியேல்லையோ?"

தெரிந்தது. அதுதான் எரிச்சல். அவர் சொல்வது பிழையென்றால் நான் சிரித்துவிட்டுச் சமைக்கக் குசினிக்குப் போயிருப்பேன். சரியான ஒன்றைப் பின்னேரத் தேத்தண்ணிக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் அடுத்த நாள் காலைப் புட்டுக்கும் ஒருவர் சொல்லிக்கொண்டே இருந்தால் என்ன செய்வது?

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்துவிட்டது. நானா வாசலில் 'பழைய படம், புதிய தயாரிப்பு' என்று எழுதிப் போட்டிருந்தார். பழையதைப் பார்த்தவர்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். முன்வரிசையில் வழக்கம்போலச் சந்தையில் மரக்கறி விற்கும் அக்கா. ஒரு ஞாயிறும் தவறாதவர், சத்தமாகக் கேள்வி கேட்பவர். என் கணவர் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். "வாயைத் திறக்கக்கூடாது" என்று வழியிலேயே சொல்லிக் கூட்டிவந்திருந்தேன்.

படம் தொடங்கியது. நான் மைக்கைப் பிடித்தேன்.

"டீச்சர், உந்த மொட்டையன் ஆர்?" என்றார் அக்கா.

"அவர் படத்தில இல்லை. அங்க இருந்து படம் பார்க்கிற ஆள்."

"அப்ப ஏன் அவரைக் காட்டுறாங்கள்?"

இதற்கு மறுமொழி சொல்வதற்குள் இரண்டு வசனம் போய்விட்டது. அடுத்துக் கதாநாயகன் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான். நின்றான். நின்றுகொண்டே இருந்தான்.

"இப்ப என்ன சொன்னவன்?"

"ஒண்டும் சொல்லேல்லை. மூச்சு விட்டவன்."

"அதுக்கு முதல்?"

"அதுக்கு முதலும் மூச்சுத்தான் அக்கா."

மண்டபம் சிரித்தது. எனக்கு வியர்த்தது. ஒரு படத்தில் கதைக்காத ஆளை எப்படி மொழிபெயர்ப்பது? அவன் துறைமுகக் காவலைக் கடந்து உள்ளே போனபோது பின்வரிசையில் ஒருவர், "ஐடென்டிக் காட் காட்டாமல் போறான், இவன்தான் சூப்பர் ஹீரோ" என்றார். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. படத்தை எடுத்தவர்கள் அந்த இடத்தில் எங்களைப் பயப்படுத்த நினைத்திருப்பார்கள். பயப்பட வேண்டிய இடத்தில் சிரித்தோம், சிரிக்க வைக்க எழுதிய ஒரு பகிடியை நான் மொழிபெயர்த்தபோது இருமல்கூட வரவில்லை.

லொறிக் காட்சியில் அமைதியானார்கள். தாய்க் காட்சியில் நான் தாயின் வசனத்தை மட்டும் சொல்லிவிட்டு மைக்கைக் கீழே வைத்துவிட்டேன். அந்த அக்காகூட ஒன்றும் கேட்கவில்லை. கணவர் இருந்த பக்கம் நான் பார்க்கவில்லை.

கடைசிக் கட்டம் வந்தது. கப்பல் சரிகிறது. அவன் தண்ணீருக்குள் குதிக்கிறான். அந்த நேரம் பார்த்துத் துறைமுகப் பக்கம் வெடிச்சத்தம். கதிரைகள் அதிர்ந்தன. வீட்டிலென்றால் திரும்பியும் பார்க்காத சனம், படத்துக்குள் கேட்டதா வெளியில் கேட்டதா என்று தெரியாமல் அரைவாசி எழும்பி நின்றது. "நேவிதான், இருங்கோ" என்றார் ஒருவர். இருந்தார்கள். இருந்த கையோடு கரண்ட் போனது.

நானா கீழே ஓடினார். ஜெனரேட்டரை இழுக்கும் சத்தம் கேட்டது. அது இருமியது, துப்பியது, செத்தது. யன்னல்களைத் திறந்தோம். நாலரை ஆகிவிட்டது, அஞ்சுக்குள் வீடு சேர வேண்டும், ஒருவரும் எழும்பவில்லை.

"டீச்சர்," என்றார் மரக்கறிக்கார அக்கா, "நீங்கள் பார்த்தனீங்கள்தானே? முடிவைச் சொல்லிவிடுங்கோ, நாங்கள் போறம்."

சொல்லியிருக்கலாம். தூக்கினான், வைத்தான், நடந்தான். மூன்று சொல். நான் வாயைத் திறந்தேன். சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு இருந்த மனிதர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்லப்போகும் பொய்யை எதிர்பார்த்துக்கொண்டிருந்த முகம் அது. முந்திய நாளிலிருந்து கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன அந்த நியாயம் முழுவதும் என் தொண்டைக்குள் வந்து நின்றது.

"அவன் கப்பலுக்கடியில போறான்," என்றேன். "தூக்கிறான். ஆனால் முழுக்க ஏலாது. ஒரு முழம்தான் தண்ணிக்கு மேல எழும்புது. அந்த ஒரு முழத்தை அவன் பிடிச்சுக்கொண்டிருக்கிற நேரத்துக்குள்ள வள்ளங்கள் வந்து ஆக்களை ஏத்துது. முழுக் கப்பலின்ர பாரமும் அவன்ர எலும்புக்குள்ள இறங்குது. கடைசிப் பிள்ளையை இறக்கின பிறகு அவன் கையை விடுறான். கப்பலோட தாழுறான்."

"செத்திட்டானோ?"

"இல்லை. காப்பாத்தின ஆக்களே கயிறு கட்டிக்கொண்டு குதிக்கினம். அவன் இப்ப அவ்வளவு பாரம். நாப்பது பேர் சேர்ந்துதான் இழுத்துக் கரையில போடுகினம். உயிர் இருக்கு. ஆனால் பிறகு அவன் நடக்கேல்லை."

நான் முடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"தாய்?" என்றார் அக்கா. "கட்டிலில கிடக்கிற மனிசியை இனி ஆர் பார்க்கிறது?"

தாயை நான் மறந்தே போனேன். "அந்த நாப்பது பேரும் முறை வைச்சுப் பார்க்கினம்," என்றேன்.

அக்கா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழும்பினார். ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள். வீட்டுப் படலையைத் திறக்கும்போது என் கணவர், "இது சரி," என்றார். அவ்வளவுதான் பாராட்டு.

அந்தக் கிழமைக்குள் நானா, கரண்ட் போனதால் சனத்துக்குக் கடைசிக் கட்டம் நட்டம் என்று, அதே படத்தை மறுபடி போடப்போவதாக அறிவித்துவிட்டார். எனக்குச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் மைக்குக்குப் போனபோதுதான் எந்தப் படம் என்று தெரிந்தது. திரும்பிப் பார்த்தால் சனம் படிக்கட்டு வரைக்கும். மரக்கறிக்கார அக்கா தன் இரண்டு தங்கைமாரையும் கூட்டிவந்திருந்தார். "நாப்பது பேர் இழுக்கிறதைப் பாருங்கோடி" என்று அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த இரண்டு மணி நேரமும் கரண்ட் போகாதா என்று மன்றாடினேன். அன்றைக்கென்று போகவில்லை. மற்ற நாட்களில் சோறு வேகும்போதும் வினாத்தாள் திருத்தும்போதும் தவறாமல் போகும் கரண்ட் அது.

அவன் கப்பலைத் தலைக்கு மேலே தூக்கினான். இறங்குதுறையில் வைத்தான். தலைமயிரை ஒதுக்கினான். நடந்தான். நான் மைக்கில் ஒரு சொல்லும் சொல்லவில்லை. எழுத்தோட்டம் வந்தது. ஒரு கணம் ஒருவருக்கும் விளங்கவில்லை.

"கயிறு எங்க?" என்றார் அக்காவின் தங்கை.

"வெட்டிப்போட்டாங்கள்!" என்றது பின்வரிசை. "நல்ல இடத்தை வெட்டிப்போட்டு வெட்டின டிஸ்க்கைக் கொண்டுவந்து போடுறார்!"

நானா கையை விரித்துக்கொண்டு முன்னால் வந்தார். "அல்லா அறிய நான் ஒண்டும் வெட்டல்ல. வந்தபடி போட்டிரிக்கன். டீச்சர், செல்லுங்க!"

சொல்லத்தான் வேண்டும். மைக்கைப் பிடித்து, நானா வெட்டவில்லை, போன கிழமை நான் சொன்ன முடிவு படத்தில் இல்லை, நானாகச் சொன்னது என்றேன். இருபது வருடமாகப் பிள்ளைகளிடம் 'உள்ளதை உள்ளபடி மொழிபெயர்' என்று சொல்லிவந்த வாய்.

மரக்கறிக்கார அக்கா எழும்பி நின்றார். "எங்களைப் பேக்காட்டி ஏமாத்திப்போட்டீங்கள் டீச்சர். நான் சந்தை முழுக்கச் சொன்னனான். இனி அங்க என்ன முகத்தோட போய் இருக்கிறது?" தங்கைமாரைக் கூட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

நான் கணவரைப் பார்த்தேன். இந்த உலகத்தில் எனக்காகக் கதைக்க வேண்டிய ஒரே மனிதர் அவர். அந்த முடிவே அவருடைய நச்சரிப்பில் பிறந்தது. எழும்பினார். தொண்டையைச் செருமினார்.

"சொன்ன ஆள் செய்தது பிழை," என்றார் மண்டபத்தைப் பார்த்து. "முடிவு பிழையில்லை."

சொல்லிவிட்டு இருந்துவிட்டார், ஏதோ நீதவான்போல. நானா என்னிடமிருந்து மைக்கை மெதுவாக வாங்கிக்கொண்டார். "போங்க டீச்சர், சனம் அடங்கட்டும்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை, களைத்துப்போய்ச் சொன்னார்.

வீட்டுக்கு நடந்தபோது நான் நாலு அடி முன்னால் போனேன். கடைத்தெரு முடிவில் சோதனைச்சாவடி. மண்மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு இளம் ஆமிக்காரர். அடையாள அட்டைகளை நீட்டினோம். எங்கே போய் வருகிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். கணவருக்குத் துறைமுகத்தில் பழகிய சிங்களம் நன்றாக வரும். படம் பார்த்துவிட்டு வருகிறோம் என்றார். என்ன படம்? இவர் சொன்னார்.

அந்தப் பொடியனின் முகம் மாறியது. போன லீவில் ஊருக்குப் போனபோது தானும் தியேட்டரில் பார்த்ததாகச் சொன்னார். கடைசியில் கப்பலைத் தூக்கும்போது தியேட்டர் முழுக்க விசில் என்றார். நல்ல முடிவு என்றார்.

நான் கணவரின் காலை மிதித்தேன். எங்கள் பின்னால் பத்துப் பேர் வரிசையில். கையில் துவக்கு வைத்திருப்பவன் நல்ல முடிவு என்றால் அது நல்ல முடிவுதான், 'ஓம்' என்று சொல்லிவிட்டு வர வேண்டியதுதானே? இவர் காலை இழுத்துக்கொண்டு, "இல்லைத் தம்பி, அதில ஒரு பிழை இருக்கு," என்று சிங்களத்தில் தொடங்கினார். லொறியைச் சொன்னார். மூன்று நாளைச் சொன்னார். எலும்பைச் சொன்னார். பிறகு கையை நீட்டி அந்த மண்மூட்டைகளையே காட்டினார். "இதில ஒண்டைத் தூக்கிப் பாரும். தூக்கிப்போட்டு உடனே தலைமயிரை ஒதுக்கிக்கொண்டு நடப்பீரோ?"

ஆமிக்காரர் மண்மூட்டைகளைத் திரும்பிப் பார்த்தார்.

"எல்லாத்தையும் நான்தான் தூக்கி வைச்சது," என்றார். "விடிய எழும்பேக்குள்ள முதுகு நிமிராது."

"அதைத்தான் சொல்லுறன்."

அவர் எங்கள் அட்டைகளைக் கையில் வைத்துத் தட்டினார். "நீங்கள் சொல்லுறது சரி ஐயா," என்றார். "ஆனால் நான் பார்த்த அண்டைக்கு அடுத்த நாள் லீவு முடிஞ்சு இஞ்ச வந்தனான். படத்தில இருக்கிறவனாவது நடந்து போகட்டுமே."

அட்டைகளைத் திருப்பித் தந்தார். என் கணவர் தலையாட்டினார். கல்யாணம் முடித்த நாளிலிருந்து நான் காணாத காட்சி அது. அட்டையைச் சட்டைப் பையில் வைக்கப் போய், பை எங்கே இருக்கிறது என்று இரண்டு தரம் தடவினார்.

அது மண்டபத்தில் கடைசிப் படம். அடுத்த கிழமை நகரத்தில் பிரச்சினை தொடங்கிவிட்டது. கடைகள் பூட்டு. பாதை ஓடவில்லை, நானாவால் இந்தப் பக்கம் வர முடியவில்லை. பிறகு ஒருநாள் வந்து பெட்டியையும் கதிரைகளையும் ஏற்றிக்கொண்டு போனார் என்று கேள்விப்பட்டேன். சந்தை மறுபடி திறந்தபோது அந்த அக்காவிடம்தான் மரக்கறி வாங்கப் போனேன். வேறு ஆட்களிடம் போனால் இன்னும் கோபிப்பார். ஒரு மாதம் எனக்கு முற்றல் வெண்டிக்காயும் பூச்சி அரித்த சூத்தைக் கத்தரிக்காயுமாகத் தேர்ந்தெடுத்துப் போட்டார். நான் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டு வந்து சமைத்தேன். அந்த வெண்டிக்காயை மென்றுகொண்டு என் கணவர் சொன்னார்:

"அந்த ஆமிப் பொடியன் சொன்னதிலயும் ஒரு நியாயம் இருக்கு. ஆனாலும் பாரும், ஒற்றைக் கையால..."

நான் என் சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டேன்.